அறுபது நாள் புகை

1

இந்தக் கதை திருட்டில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம்.

வாரத்தில் நான்கு நாள் எங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் உதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒஹாயோவின் தென்கோடியில், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால், இரண்டு மேசையும் ஒரு காபி இயந்திரமும்தான் அலுவலகம். பட்டாளத்தில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார்கள். படைவீரர் நலத் துறைக்கு அனுப்பவேண்டிய வாக்குமூலமாக அதை நான் தட்டச்சு செய்வேன். அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெவர்லி கிராப் படிப்பாள். அவள் என் மேலதிகாரி. கடற்படையில் இருபத்திரண்டு வருடம் சரக்குப் பட்டியல் எழுதியவள். உலகத்தில் எழுத வேண்டியது பட்டியல் மட்டும்தான், மிச்சமெல்லாம் வாய்க்கொழுப்பு என்பது அவள் கட்சி.

ஒரு பெயரடைக்கு ஒரு மாதம் தாமதம் என்பாள். ‘புகை’ என்று எழுதினால் கோப்பு நகரும். ‘கரிய புகை’ என்று எழுதினால் துறையில் யாரோ ஒருவர் அது கரியதுதானா என்று யோசிக்க ஆரம்பிப்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மனு போட்டவனுக்குக் காரியம் நடந்துவிடும்.

அவள் அடித்துப்போடும் வாக்கியங்களை நான் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு செருப்புப் பெட்டி நிறைந்துவிட்டது. அதிலிருந்துதான் இந்தக் கதை. படித்துக்கொண்டு போகும்போது எங்காவது ஒரு நல்ல வாக்கியம் கண்ணில் பட்டால், யாரோ ஒரு நோயாளியின் மனுவிலிருந்து தூக்கி எறியப்பட்டது அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று:

சூரியன் எழுவதற்கு முன்பே அந்தக் குழி விழித்துக்கொண்டது. பத்து கால்பந்து மைதானங்களை விழுங்கக்கூடிய அதன் வாய்க்குள் டுவெய்ன் ஹாஸ்கெட்

(குழி எப்படி விழிக்கும் என்று பெவர்லி கேட்டாள். மைதானம் பத்து இல்லை, மூன்று என்றான் டுவெய்ன். “எழுத்தாளரம்மா, குழி பெருசா இருந்தாத்தான் எனக்கு மூச்சு வாங்குமா? மூணுக்கே வாங்குது” என்றான். வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு:

டுவெய்ன் ஹாஸ்கெட் மூச்சை விட்டான். மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாக அவனை விட

(வேண்டாம். இதை அடித்தது நானேதான்.)

தொடக்கம் மூன்று, பெவர்லி எழுதியது:

‘2005 மார்ச் முதல் டிசம்பர் வரை இராக்கில் பணியில் இருந்தேன். முகாமின் திறந்தவெளிக் குழியில் குப்பை எரித்தேன். ஊர் திரும்பியதிலிருந்து மூச்சு வாங்குகிறது.’

மூன்றே வரி. டுவெய்ன் அதைப் படித்துவிட்டு, ஆமாம், இதுதான் நடந்தது என்றான். முப்பது வருடமாகக் கதை எழுதுகிறவளுக்கு இதைவிட வேறு என்ன தண்டனை வேண்டும்.

3

டுவெய்னை உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். என் வயதுக்காரன், ஐம்பத்தொன்று. தேவாலயத்து விருந்தில் என் எலுமிச்சைச் சாதத்தை முதன்முதலாகத் தைரியமாக எடுத்துப் போட்டுக்கொண்டவன். தொழில், கால்நடைச் சந்தையில் ஏலம் விடுவது.

வியாழக்கிழமைதோறும் சந்தைக் கொட்டகையில் மேடை மேல் உட்கார்ந்து, மூச்சு விடாமல் விலை சொல்லிக்கொண்டே போவான். கையசைத்து விலை கேட்கிறவனுக்கு யோசிக்க இடம் கொடுக்காமல் சொல்வதுதான் அதில் வித்தை. சந்தேகம் இடைவெளியில்தான் நுழையும், இடைவெளியே விடக்கூடாது என்பான். அந்த வித்தையை அவன் கற்றுக்கொண்டது எங்கே என்று கேட்டேன். குப்பைக் குழியில் என்றான்.

டீசலையும் விமான எரிபொருளையும் ஊற்றிக் கொளுத்திவிட்டு, அணையாமல் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். டயர், பேட்டரி, தண்ணீர் பாட்டில், ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, கெட்டுப்போன இறைச்சி, ஒரு தடவை ஒரு முழு குளிர்சாதன இயந்திரம். பொழுது போகாமல் ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளுவதற்கு முன்னால் ஏலம் விட்டிருக்கிறான். டயருக்கு ஒரு விலை, பேட்டரிக்கு ஒரு விலை. கேட்க ஆளில்லாததால் நெருப்புக்கே விற்றுவிடுவானாம். வாயை நன்றாகத் திறந்து, நெஞ்சு நிறைய இழுத்து, பத்து மாதம் பயிற்சி.

(இதையும் வாக்குமூலத்தில் தட்டச்சு செய்தேன். எந்தப் புகையை விழுங்கி அந்த வித்தையைக் கற்றானோ அதே புகை இப்போது அதைப் பிடுங்கிக்கொண்டது. நானே கற்பனை செய்திருந்தால் இதை மிகையென்று சொல்லி வெட்டியிருப்பேன். பெவர்லி வேறு காரணம் சொல்லி வெட்டினாள்: தொடர்பில்லாத தகவல்.)

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, ஒரு கிடேரிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு நடுவில் மூச்சு நின்றது. கொட்டகையே அமைதியாகிவிட்டது. அவமானத்தை மறைக்க அவசரமாகச் சுத்தியலைத் தட்டினான். மூக்குச் சிந்தக் கைக்குட்டையை எடுத்த ஒரு கிழவருக்குப் பாதி விலையில் கிடேரி போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த மாதம் அவனை மேடையிலிருந்து இறக்கி, மாட்டு முதுகில் எண் அட்டை ஒட்டும் வேலையில் போட்டார்கள். அதுவும் இரண்டு மணி நேரம்தான் முடிகிறது.

ஆக, அவனுக்கு வேண்டியது இதுதான். இந்த மூச்சுத்திணறல் படைப்பணியால் வந்தது என்று துறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் உதவித்தொகை வரும். அவன் மனைவி ரோண்டா முதியோர் இல்லத்தில் பார்க்கும் இரண்டாவது ஷிப்டை விடலாம். நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆனாலும் அவள் தெருவில் நிற்க மாட்டாள். துறை மறுத்துவிட்டது. மறுத்த கடிதத்தில் இருந்த காரணத்தை ரோண்டா என்னிடம் உரக்கப் படித்தாள்: ‘தாங்கள் புகைக்கு ஆட்படவில்லை என்று தாங்களே கையொப்பமிட்டிருக்கிறீர்கள்.’

4

இட்டிருந்தான். அது உண்மை.

ஊர் திரும்பும் வழியில், அமெரிக்க மண்ணில் இறங்கியதும், ஒரு படைத்தளத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் முந்நூறு பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு படிவத்தைக் கொடுத்தார்கள். காயம் பட்டீர்களா, தூக்கம் வருகிறதா, குப்பை எரியும் புகையைச் சுவாசித்தீர்களா என்று நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். ஒரு சார்ஜெண்ட் மேடையேறி விளக்கினார். விளக்கத்தை டுவெய்ன் இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவான்: “எதுல குறி வைக்கறதுங்கறது உங்க இஷ்டம். ‘ஆம்’னு ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் மூணு வாரம் இங்கயே பரிசோதனை. எல்லாம் ‘இல்லை’ன்னா நாலு மணிக்கு பஸ்.”

முந்நூறு பென்சிலும் ஒரே பக்கம் போயின.

டுவெய்னின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெயர் லோனி பெட்டிஜான். அவனுக்கு வலது கை விரல் இரண்டு உடைந்து கட்டுப் போட்டிருந்தது. ‘காயம் பட்டீர்களா’ என்ற கேள்விக்கு இடது கையால் பென்சிலைப் பிடித்து ‘இல்லை’ என்று குறியிட்டான். வரிசையில் ஒருவன் வேகத்தில் ‘வெளிநாட்டில் பணியாற்றினீர்களா’ என்பதற்கும் ‘இல்லை’ போட்டுவிட்டு, அழிரப்பர் கேட்டு அலைந்தானாம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று நாம் சொல்வோமே, அதை இவர்கள் அரசாங்கச் செலவில் வைத்துக்கொண்டார்கள்.

டுவெய்னுக்குத் தலைமுடியில் அப்போதும் புகைநாற்றம் போகவில்லை. ஆனால் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ரோண்டா கையால் எழுதிய பதாகையோடு காத்திருந்தாள். நான் கேட்டேன், மூன்று வாரம்தானே, இருந்திருக்கக் கூடாதா என்று. அவன் என்னைப் பார்த்த பார்வையில், பத்து மாதம் எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தவள் கேட்கிற கேள்வி இது என்று எனக்கே புரிந்துவிட்டது.

5

இதற்கிடையில் புதிதாக ஒரு சட்டம் வந்தது. இந்த நாட்டில் பணியாற்றினாய், இந்த நோய் வந்திருக்கிறது என்று இரண்டும் பட்டியலில் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். நல்ல சட்டம். எங்கள் அலுவலகத்தில் பெவர்லி அன்றைக்குக் கேக் வாங்கினாள். ஆனால் பட்டியலில் சேர நோய்க்குப் பெயர் வேண்டும். டுவெய்னை எத்தனை கருவியில் ஊதச் சொன்னாலும் நுரையீரல் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது என்றே காட்டியது. ஒன்பது படி ஏறினால் பத்தாவது படியில் உட்கார்ந்துவிடுகிறான். மருத்துவக் குறிப்பில் ‘காரணம் தெளிவில்லை’ என்று இருந்தது. பெயர் வைக்காத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாதல்லவா, அந்தக் கதைதான்.

துறை மறுபடியும் ஒரு மருத்துவரிடம் அனுப்பியது. முதல் தடவை போனபோது மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறேன் டாக்டர், குறை ஒன்றுமில்லை என்று பதில் சொல்லியிருக்கிறான். இந்த மாவட்டத்தில் காலைப் பாம்பு கவ்விக்கொண்டிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்: ‘நோயாளிக்குக் குறை எதுவும் இல்லை.’

இந்தத் தடவை விடக்கூடாது என்று அலுவலகத்தில் ஒத்திகை வைத்தேன். நான் மருத்துவர். எப்படி இருக்கிறீர்கள், ஹாஸ்கெட்? நன்றாக இருக்கிறேன் டாக்டர். திரும்பவும். எப்படி இருக்கிறீர்கள்? பரவாயில்லை டாக்டர், நீங்கள் எப்படி? ஆறாவது தடவை கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது: “கொஞ்சம் மூச்சு வாங்குது. ஆனா பரவால்ல, உங்களுக்கு எதுக்கு சிரமம்.” பெவர்லி தன் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள்.

நிஜப் பரிசோதனைக்கு ரோண்டாவும் கூடப் போனாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். இரவில் உட்கார்ந்தபடி தூங்குவது, குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வது, பேத்தியைத் தூக்கிய உடனே கீழே வைத்துவிடுவது எல்லாம். மருத்துவர் கவனமாகக் கேட்டுக் குறிப்பு எழுதினார். நகல் எங்களுக்கு வந்தது: ‘நோயாளியின் மனைவி குறை கூறுகிறார்.’

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. எவ்வளவு நாள் குழியில் பணியாற்றினார் என்பது உறுதியானால் கருத்துச் சொல்லலாம்.

6

நாள் கணக்குக்குப் பணிப்பட்டியல் இருக்கிறது. எவன் எந்தத் தேதியில் எந்த வேலை பார்த்தான் என்று முகாமில் எழுதிவைத்தது. மூன்று மாதம் கெஞ்சி வரவழைத்தோம். வந்தது. விரலை வைத்து எண்ணினேன்.

குப்பைக் குழியில் டுவெய்ன் ஹாஸ்கெட், ஆறு நாள்.

லோனி பெட்டிஜான், அறுபது நாள்.

(இந்த இடத்தில் இந்தக் கதையை ஏழு வாரம் நிறுத்திவைத்திருந்தேன். டுவெய்ன் பொய் சொல்கிறானோ என்ற சந்தேகம். கதாபாத்திரத்தைச் சந்தேகிப்பது எழுத்தாளருக்கு அழகுதான். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டவனைச் சந்தேகிப்பது அவ்வளவு அழகில்லை.)

பட்டியலை டுவெய்ன் முன்னால் வைத்தேன். லோனி பெயருக்கு நேரே விரலை வைத்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான், சொல்லிவிட்டு இதை எழுதக்கூடாது என்றான்.

லோனிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மறைத்துத்தான் பட்டாளத்தில் சேர்ந்தான். குழிப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றாலே உதடு நீலமாகிவிடும். வெளியில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பட்டியலில் லோனிக்குக் குழி வந்தால் டுவெய்ன் போவான், டுவெய்னின் வாயில்காவலை லோனி பார்ப்பான். வேலையை மாற்றிக்கொள்வது அங்கே எல்லோரும் செய்வதுதான். ஆள் நிற்கிறானா என்று பார்ப்பார்கள், எந்த ஆள் என்று யாரும் பார்ப்பதில்லை. பதிலுக்கு லோனி தன் தொலைபேசி அட்டையில் மிச்சமிருக்கும் நிமிடங்களைக் கொடுப்பான். டுவெய்ன் அதில் ரோண்டாவோடு பேசுவான்.

இப்போது நான் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லோனி பெட்டிஜானும் எங்களிடம் வந்தவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், மூச்சுக்கோளாறுக்கு. அவன் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தான். ‘அறுபது நாள் குப்பை எரித்தேன்’ என்று தட்டச்சு செய்தவள் நான். அப்பழுக்கில்லாத மனு என்று பெவர்லி என்னை முதன்முதலாகப் பாராட்டியது அதற்குத்தான். நான்கே மாதத்தில் அனுமதி வந்தது. அன்று மாலை நான் எனக்கு ஒரு பேனா வாங்கிக்கொண்டேன்.

7

லோனி என்ற பாத்திரத்தை என்ன செய்வது?

வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதவும் செய்தேன்: அவன் புது டிரக் வாங்குகிறான், கண்ணாடி போட்டுக்கொண்டு டுவெய்னைக் கடந்து போகிறான், சிரிக்கிறான். நிஜத்தில் அவனிடம் இருப்பது கதவு ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமான ஒரு பழைய வண்டி. அதோடு அவனும் டுவெய்னும் பேசிக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. காரணம் புகை இல்லை, ஒரு ஆழ்குளிர்ப் பெட்டி, அதாவது ஃப்ரீசர்.

லோனியின் அப்பா இறந்ததும் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். டுவெய்ன்தான் ஏலக்காரன். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் வந்த ஒரு பழைய நண்பனுக்கு லோனி கையசைத்தான். டுவெய்ன் சுத்தியலைத் தட்டிவிட்டான். தன் அப்பாவின் ஆழ்குளிர்ப் பெட்டியை லோனியே விலைக்கு வாங்கியதாக ஆயிற்று. என் பெட்டியை நானே வாங்குவேனா என்று இவன் கத்த, சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான் என்று அவன் சொல்ல, ஊரே சிரிக்க, அன்றோடு சரி. அறுபது நாள் புகையை மாற்றிக்கொண்டவர்கள் ஒரு பெட்டிக்காக முறைத்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை லோனி வீட்டுக்குப் போனேன். அந்தப் பெட்டி வாசலிலேயே உறுமிக்கொண்டு கிடந்தது. அதன் மேல் எனக்குக் காபி வைத்தான். நான் சுற்றி வளைத்துப் பேச்சை எடுப்பதற்குள், டுவெய்னின் மனுவைத் துறை மறுத்த விஷயம் தனக்குத் தெரியும் என்றான். ரோண்டா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான் அவன் அம்மாவும் இருக்கிறாள்.

“மேடம், அந்தக் கடிதம் வந்த நாள்லருந்து நான் கணக்குப் போட்டுட்டே இருக்கேன்” என்றான். “நான் விடுற மூச்சு எனக்குன்னு இருந்தது. அவன் விட முடியாத மூச்சுக்குக் காசும் எனக்குத்தான் வந்துருக்கு.”

அவனும் முகாமில் பத்து மாதம் இருந்தவன்தானே, காற்று அடித்தால் புகை எல்லோருக்கும் பொதுதானே என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையும் அதுதான். உங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கலாம், அந்த அறுபது இல்லாமலேயே என்றேன். கிடைத்திருக்கலாம் என்றான். ஆனால் அறுபது நாள் என்றுதான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதை இப்போது மாற்றிச் சொன்னால் கொடுத்ததைப் பிடுங்கலாம், வழக்கும் போடலாம். அவனுடைய சின்ன மகள் தாதிப் படிப்பு படிப்பதே அந்தப் பணத்தில்தான்.

பிறகு உள்ளே போய் ஒரு சாட்சி வாக்குமூலத் தாளைக் கொண்டுவந்தான். பக்கம் முழுக்கக் காலி, அடியில் மட்டும் அவன் கையெழுத்து.

“என்னால எழுத முடியல, மேடம். நாலு தடவ உக்காந்தேன். நீங்க எழுத்தாளர். எது நல்லதுன்னு படுதோ எழுதிக்கோங்க. நான் கேக்க மாட்டேன்.”

புறப்படும்போது பெட்டியைத் திறந்து, மான் இறைச்சியில் செய்த தொத்திறைச்சி இரண்டு பொட்டலம் எடுத்துக் கொடுத்தான். ஹாஸ்கெட்டிடம் கொடுங்கள், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றான். அதன் மேல் ‘எல். பெட்டிஜான்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

8

தன் வீட்டுக் கூடத்தில் டுவெய்ன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, இப்பவும் மிளகு அதிகமாப் போடறானா என்று மட்டும் கேட்டான்.

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். கதை எழுதுகிறவளுக்குத் தெரிந்த வழி எதுவென்று நீங்களே ஊகிக்கலாம். ‘அறுபது நாளும் நான் குழியில் நின்றேன், ஹாஸ்கெட்டும் என் கூடவே நின்றான்’ என்று லோனி பெயரில் எழுதிவிட்டால், இவனுக்கும் கிடைக்கும், அவனுக்கும் போகாது. பாதி உண்மை. அதாவது, பாதிப் பேர் விஷயத்தில் முழு உண்மை.

டுவெய்ன் மறுத்துவிட்டான். அந்த நாட்களில் அவன் பெயர் வாயில்காவலில் இருக்கிறது, யாராவது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேரும் மாட்டுவோம் என்று முதலில் நியாயம் பேசினான். பிறகு அதை விட்டுவிட்டு, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

“ஒரு தடவ பொய்யாக் குறி வச்சேன். இருபது வருஷமா அது என்னைத் துரத்துது. இன்னொண்ணு வைக்கச் சொல்றியாம்மா?”

சரி, அப்படியென்றால் உண்மையை எழுதுகிறேன் என்றேன்.

“அதுவும் வேணாம். அவன் பேர இழுக்காத. நான் சும்மா ஒண்ணும் போகல, எனக்கு நிமிஷம் குடுத்தான். ரோண்டாவோட பேசினேன். எனக்கு அது போதும்.”

ரோண்டா அடுப்பங்கரையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது போதவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றாள். அந்த நிமிடங்களில் அவன் பேசியதையெல்லாம் அவளும்தான் கேட்டாள். அதற்கு விலை என்ன என்று அப்போது யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொலைபேசியை வைத்துவிட்டிருப்பாள். இதை அவள் சத்தம் போடாமல்தான் சொன்னாள். அழுதது நான்.

9

நீங்கள் இந்நேரம் கேட்டிருக்க வேண்டும்: யாரும் எழுதக்கூடாது என்று சொன்னதை இப்படி ஊரறிய எழுதிக்கொண்டிருக்கிறாயே, இது என்ன நியாயம்?

அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். துறையிலும் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பெயர்களையும் மாற்றிவிட்டேன். தொத்திறைச்சியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக இங்கே எல்லோருடைய ரகசியத்தையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன். ஒன்றையாவது எங்காவது பத்திரமாக வைக்க வேண்டாமா?

முடிவுகளைச் சொல்கிறேன். முதலாவதில் உண்மையை எழுதுகிறேன். டுவெய்னுக்குக் கிடைக்கிறது. ஒருநாள் காலை லோனி வீட்டு வாசலில் துறையின் கடிதம் கிடக்கிறது, அவன் மகள் படிப்பை நிறுத்திவிட்டு

இரண்டாவதில் அந்தப் பாதி உண்மையை எழுதுகிறேன். யாரும் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கிறது. வியாழக்கிழமை சந்தையில் இரண்டு பேரும் கைகுலுக்க, ஒரு கிடேரி (இதைப் பெவர்லி அடிப்பதற்கு முன்னால் நானே அடித்துவிடுகிறேன்.)

மூன்றாவதில் எதையும் அனுப்பவில்லை. மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் இன்றைக்குத்தான். நாளைக்கு ரோண்டா இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறாள். அதற்கு அடுத்த நாளும் போகிறாள்.

பகல் பன்னிரண்டரைக்குப் பெவர்லி என் மேசைக்கு வந்தாள். முதல் இரண்டு முடிவுக்கான வாக்குமூலங்களையும் தனித்தனித் தாளில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன், பக்கத்தில் லோனி கையெழுத்திட்ட வெற்றுத்தாள். இரண்டையும் படித்தாள். மூன்று வருடத்துக்கு முன் அந்த அறுபது நாளைத் தன் கையால் சரிபார்த்தது அவளுக்கும் நினைவு வந்திருக்கும், முகம் அப்படித்தான் இருந்தது. எதையும் அடிக்கவில்லை.

“ரெண்டுல எது நடந்ததுன்னு என்கிட்ட சொல்லிடாத” என்றாள். “நான் சாப்பிடப் போறேன். வரும்போது உறை ஒட்டியிருக்கணும்.”

போய்விட்டாள்.

துறையின் விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடமாக அதை நம்பித்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆதரவாக உள்ள சாட்சியமும் எதிராக உள்ள சாட்சியமும் சரிசமமாக நின்றால், சந்தேகத்தின் பலனைப் படைவீரனுக்கே கொடுக்க வேண்டும். சற்று முன்னால் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். தராசு சமமாகத்தான் நிற்கிறது. ஆனால் இரண்டு தட்டிலும் உட்கார்ந்திருப்பது படைவீரன். அப்படி வந்தால் என்ன செய்வது என்று புத்தகத்தில் எழுதவில்லை.

முழுக் கோப்பையும் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். துறை படிக்கவில்லை, பெவர்லி எது உண்மை என்று கேட்க மறுத்துவிட்டாள், டுவெய்னும் லோனியும் ஆளுக்குப் பாதிதான் அறிவார்கள். இப்போது மணி ஒன்று பத்து. ஒன்றரைக்கு அவள் வந்துவிடுவாள். கையெழுத்திட்ட தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் செருகிவிட்டேன்.

சொல்லுங்கள், தட்டச்சு செய்கிறேன்.